கைமருந்தை எங்கே நம்பலாம்?

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் ஆரத்தித் தட்டில் காணும் அதே சிவப்பில் ஒரு பசை கிடைக்கும். மஞ்சளிலுள்ள குர்குமின், சுண்ணாம்பின் காரம் பட்டதும் நிறம் மாறுவதால் வரும் சிவப்பு அது. மடிநோய் கண்ட பசுவின் மடியில் தேங்கிய பாலை ஒட்டக் கறந்து அப்புறப்படுத்தி, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடிப் பசையைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை வரை, ஐந்து நாட்கள். தமிழ்நாட்டில் மாடு வளர்ப்போர் பலருக்கு இன்று இந்த முறை தெரியும். கிராமங்களில் சிதறிக் கிடந்த கைமருந்துகளைத் திரட்டி, அளவு குறித்து, பயிற்சியாக மாற்றியதில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்திக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் இதை ஏற்று, பல மாநிலங்களின் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பரப்பியது. ஒரு காலத்தில் படித்த மருத்துவர்கள் ஒதுக்கிவைத்த பச்சிலை வைத்தியம், அரசு அமைப்புகளின் கையேட்டுக்குள் வந்துவிட்டது.

இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் கூடவே ஒரு குழப்பமும் வளர்ந்திருக்கிறது. நம் முன்னோர் செய்தது எல்லாம் சரி என்று ஒரு தரப்பு பேசுகிறது. ஆய்வுக்கூடச் சான்று இல்லாத எதையும் தொடக்கூடாது என்று மறுதரப்பு பேசுகிறது. வீட்டில் ஒன்றிரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு பால் காசில் குடும்பத்தை ஓட்டும் ஒருவருக்கு இந்த இரண்டு பேச்சாலும் பயனில்லை. அவருக்கு வேண்டியது, எந்த நோய்க்குக் கைமருந்தை நம்பலாம், எந்த நோய்க்கு நம்பினால் மாடு போய்விடும் என்ற தெளிவு. அந்தத் தெளிவுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். மரபறிவு வானத்திலிருந்து விழுந்ததல்ல. கொடுத்துப் பார்த்து, விளைவைக் கண்டு, கொள்ளவும் தள்ளவும் செய்து சேர்த்த அறிவு. எனவே எந்த நோயில் விளைவு விரைவாகவும் கண்ணுக்குத் தெரியும்படியும் அடிக்கடியும் வந்ததோ, அங்கே மரபு நன்றாகக் கற்றிருக்கும். எங்கே விளைவு தாமதமாக வந்ததோ, மறைந்து நின்றதோ, மருந்து இல்லாமலே பாதி மாடுகள் தேறினவோ, அங்கே மரபு ஏமாந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வயிறு உப்புசத்தை எடுத்துக்கொள்வோம். மழைக்குப் பின் தளதளவென வளர்ந்த பயறுவகைத் தீவனத்தை மாடு வெறும் வயிற்றில் நிறைய மேய்ந்துவிட்டால், அசையூண் வயிற்றில் உண்டாகும் வாயு சிறுசிறு நுரைக்குமிழ்களாகச் சிக்கிக்கொள்கிறது. ஏப்பமாக வெளியேற முடியாமல் இடப்பக்கப் பள்ளை மேளம்போல் விம்முகிறது. மூச்சுக்கு இடமில்லாமல் சில மணி நேரத்தில் மாடு இறந்தும் போகலாம். இதற்கு நாட்டுப்புறத்தில் நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் புகட்டுவார்கள். எண்ணெய் நுரையின் மேற்பரப்பு இழுவிசையைக் குலைத்து குமிழ்களை உடைக்கிறது. அடைபட்ட வாயு ஒன்றுசேர்ந்து ஏப்பமாக வெளியேறுகிறது. இன்றைய கால்நடை மருத்துவப் பாடநூல்களும் நுரை உப்புசத்துக்கு எண்ணெயைச் சொல்கின்றன. பௌதிகம் தெரியாத மேய்ப்பர் எப்படி இதைக் கண்டுபிடித்தார்? விளைவு அரை மணி நேரத்திலோ ஒரு மணி நேரத்திலோ அவர் கண்முன் தெரிந்தது. எண்ணெய் உள்ளே போனதும் பள்ளை தணிந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது தணியவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏதோ ஒரு வீட்டில் இது நடந்தது. தவறான மருந்தைச் சொன்னவரின் மாடு அன்றே செத்துப்போனது; அந்த மருந்தும் அதோடு போயிற்று. இதைவிடக் கறாரான தேர்வை எங்கே தேடுவது?

இதே உப்புசத்தில் மரபு சறுக்கும் இடமும் இருக்கிறது. மாட்டின் தலையை உயர்த்தி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு மூங்கில் குழாயால் எண்ணெயை ஊற்றினால், விழுங்க முடியாமல் எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடலாம். அப்படி இறங்கியது நுரையீரலில் அழற்சியை உண்டாக்கி நாலைந்து நாள் கழித்து மாட்டைக் கொல்லும். உப்புசம் அன்றே தணிந்துவிட்டதால், பின்னால் வந்த இருமலையும் சாவையும் எவரும் அந்தக் குழாயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. மருந்தின் நன்மை உடனே தெரிந்தது, அதனால் கற்றார்கள். ஊற்றும் முறையின் தீமை தாமதமாகத் தெரிந்தது, அதனால் கற்கவில்லை. ஒரே மருந்தில், ஒரே கொட்டிலில், அறிவும் அறியாமையும் அருகருகே நிற்கின்றன.

புண்களும் உண்ணியும் பேனும் இதே வகையில் நல்ல பாடங்கள். புழு வைத்த புண்ணில் சீத்தாப்பழ இலையை அரைத்து வைத்தால் புழு வெளியே வந்து விழுவதைக் கண்ணால் காணலாம். சீத்தா இலையிலும் விதையிலும் பூச்சிகளைக் கொல்லும் வேதிப்பொருட்கள் இருப்பதை ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. அதே விதைப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும் என்பதும் உறுதியானதே. வேப்பெண்ணெய், மஞ்சள், குப்பைமேனி, பூண்டு ஆகியவற்றைக் காய்ச்சிக் கால் புண்ணுக்குப் போடுவதிலும் பெரிய மர்மம் இல்லை. புண் காய்ந்ததா, ஈ மொய்ப்பது நின்றதா, மாடு காலை ஊன்றுகிறதா என்று காலையும் மாலையும் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருப்பவர் கற்றுக்கொண்டே இருக்கிறார். வீட்டு மாட்டைப் பெரும்பாலும் கவனிப்பது பெண்களே. காதடியின் சூட்டையும் மூக்குமுனையின் ஈரத்தையும் அசைபோடுவது நின்றதையும் முதலில் அறிவது பால் கறக்கும் அந்தக் கைதான். மாட்டு வாகடம் என்ற பெயரில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன, சில அச்சிலும் வந்திருக்கின்றன. அவற்றை எழுதியவர்களை நாம் மதிக்கிறோம். கொட்டிலில் சோதித்துச் சோதித்து அந்த அறிவை உயிரோடு வைத்திருந்த பெண்களின் பங்கை யாரும் எழுதிவைக்கவில்லை.

இப்போது அளவுகோலின் மறுமுனைக்கு வருவோம். வெறிநாய் கடித்த மாட்டுக்குப் பச்சிலை கொடுப்பது பல ஊர்களில் உண்டு. கொடுத்த மாடுகளில் பல பிழைத்தும் இருக்கும். அதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கடித்த நாய்கள் எல்லாவற்றுக்கும் வெறிநோய் இருப்பதில்லை. நோயுள்ள நாய் கடித்த மாடுகள் எல்லாவற்றுக்கும் நோய் தொற்றுவதுமில்லை. தொற்றினாலும் அறிகுறி தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகும். இந்த நிலையில் வெறும் புல்லைக் கொடுத்தாலும் அது கைகண்ட மருந்தாகவே தோன்றும். அறிகுறி வந்தபின் வெறிநோயிலிருந்து மாட்டைக் காப்பாற்றும் மருந்து எந்த மரபிலும் இல்லை, நவீன மருத்துவத்திலும் இல்லை. கடித்த உடனே புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசி போடுவது ஒன்றே வழி. இதில் இன்னொரு பேராபத்தும் ஒளிந்திருக்கிறது. வெறிநோய் முற்றிய மாடு விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகவிடும். தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டதென்று எண்ணி வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள், மருந்து புகட்டுவார்கள். மாட்டின் எச்சில் வழியாக நோய் மனிதருக்கு வரும் தருணம் அது. இங்கே கைமருந்தை விட்டுவிடச் சொல்வது மரபை இகழ்வதாகாது. மரபு கற்க முடியாத இடம் இது, அவ்வளவுதான்.

வெக்கை நோயின் வரலாறு இதைவிடப் பெரிய அளவில் இதே பாடத்தைச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் உழவு மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற அந்த நோயை ஆராய ஆங்கிலேய அரசு ஒரு குழுவையே அமர்த்தியது. அதன் அறிக்கை 1871இல் வெளியானது. ஊருக்கு ஊர் அதற்கும் பச்சிலை இருந்தது. நோயிலிருந்து தப்பிய மாடுகளுக்கு வாழ்நாள் முழுதும் அந்த நோய் மறுபடி வராது. ஆகவே பச்சிலை தின்று பிழைத்த மாடு அதன்பின் என்றும் நோயின்றி இருந்தது, பச்சிலையின் புகழும் வளர்ந்தது. ஆனால் நோய் குறையவில்லை. அதை ஒழித்தது தடுப்பூசி. 1920களில் குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவரம் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர், நோய்க்கிருமியை ஆடுகளில் தொடர்ந்து வளர்த்து வீரியம் குறைத்துத் தடுப்பூசி ஆக்கினார். 1960களில் வால்டர் பிளவ்ரைட் இன்னும் பாதுகாப்பான ஒன்றைத் தந்தார். 2011இல் உலகிலிருந்தே வெக்கை நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் உலகை விட்டு நீங்கிய இரண்டாவது நோய் அது. அடைப்பான், சப்பை நோய், தொண்டை அடைப்பான், ஆட்டுக்கொல்லி போன்ற நோய்களுக்கும் இதுவே பொருந்தும்: தடுப்பூசி இருக்கும்போது பச்சிலையை அதன் இடத்தில் வைப்பது மாட்டையும் ஆட்டையும் பலிகொடுப்பதாகும்.

கோமாரி சற்றுச் சிக்கலானது. அது வைரஸ் நோய். ஆன்டிபயாட்டிக் அந்த வைரஸைக் கொல்லாது. வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தாமாகவே தேறிவிடும். கன்றுகள்தான் அதிகம் சாகும். சீரகம், வெந்தயம், மிளகு இவற்றை ஊறவைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் சேர்த்து அரைத்து நாக்கில் தடவும் மருந்து பரவலாகச் சொல்லப்படுகிறது. இது கோமாரியைக் குணப்படுத்துகிறது என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்; தாமாகத் தேறும் நோயில் அதை எப்படி அறிவது? ஆனால் வாய்ப்புண்ணின் எரிச்சலைத் தணித்து, மாட்டைச் சீக்கிரம் தீனி எடுக்க வைக்கிறது என்றால் அது நம்பத்தக்கது, ஏனென்றால் மாடு வாய் வைக்கிறதா இல்லையா என்பது மறுநாளே தெரிந்துவிடும். கறவை மாடு நாலு நாள் பட்டினி கிடப்பதா, இரண்டு நாளில் தீனி எடுப்பதா என்பது வளர்ப்பவருக்குச் சிறிய வேறுபாடல்ல. ஆகவே உரிமைகோரலைச் சுருக்கினால் மருந்து நிற்கிறது, பெருக்கினால் விழுகிறது. கோமாரிக்கான தடுப்பூசியை இதற்காகத் தவறவிடுவதற்கு நியாயமே இல்லை. 2019இல் தொடங்கிய தேசிய விலங்கு நோய்த் தடுப்புத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி இலவசமாகவே கிடைக்கிறது.

மரபு காண முடியாத இன்னொன்று மெதுவாக வரும் நஞ்சு. ஆடுதீண்டாப்பாளை என்ற கொடி குடற்புழுவுக்கும் நஞ்சுக்கடிக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டது. அதன் இனத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்குவது; உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியவென்று அந்த இனத்து மூலிகை கலந்த மருந்தை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் செயலிழந்து அவதிப்பட்ட பிறகே உலகம் விழித்தது. புழு விழுந்தது அன்றே தெரியும். சிறுநீரகம் கெட்டது ஆண்டுகள் கழித்தே தெரியும். உண்ணிக்கும் வயிற்றுக்கும் கைகண்ட மருந்தான வசம்பிலும் அதிக அளவில் தீங்கு செய்யக்கூடிய அசரோன் என்ற பொருள் உண்டு. மூலிகை என்றாலே பக்கவிளைவு இல்லாதது என்ற விளம்பரப் பேச்சைக் கிராமத்து மேய்ப்பர் ஒருபோதும் நம்பியவரல்ல. அரளியும் உன்னிச்செடியும் கண்வலிக்கிழங்கும் வாடிய இளஞ்சோளப் பயிரும் மாட்டைக் கொல்லும் என்று அறிந்து அந்தப் பக்கம் ஓட்டாதவர் அவர். செடிகளின் நஞ்சை அறிந்ததும் அவருடைய மருத்துவ அறிவின் பாதி. அந்தப் பாதியை மறந்துவிட்டு மற்றப் பாதியை மட்டும் இன்று விற்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும்: மெதுவான தீங்கைக் காணாதது மரபு மட்டும்தானா? இல்லை. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் நவீன மருத்துவம் கொடுத்த டைக்ளோஃபினாக், அந்த மாடுகள் இறந்தபின் அவற்றின் சதையைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. இந்தியாவில் ஒருகாலத்தில் கோடிக்கணக்கில் இருந்த அந்தக் கழுகுகளில் சில இனங்கள் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. காரணம் 2004இல்தான் வெளிப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத தீமை எல்லா மருத்துவத்தையும் ஏமாற்றும். வேறுபாடு எங்கே என்றால், கழுகுகள் ஏன் குறைகின்றன என்று எண்ணிப் பார்க்கவும், பிணங்களை அறுத்துச் சோதிக்கவும், காரணத்தைச் சுட்டவும் நவீன அறிவியலிடம் ஒரு முறை இருந்தது. அந்த முறையைக் கைமருந்துக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

மடிநோய்க்குத் திரும்புவோம், ஏனென்றால் இந்த விவாதத்தின் கனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கலப்பினப் பசுக்கள் பெருகியபின் மடிநோயும் பெருகியது. அதற்கு வழக்கமான சிகிச்சை ஆன்டிபயாட்டிக், ஊசியாகவோ காம்புக்குள் செலுத்தும் குழாயாகவோ. மருந்து ஏறிய பசுவின் பாலைக் குறிப்பிட்ட நாட்களுக்கு விற்கக்கூடாது. ஒரே மாடு வைத்திருப்பவருக்கு அவை வருமானமே இல்லாத நாட்கள். ஆகவே அந்தப் பால் சங்கத்துக்குப் போய்விடுகிறது, மருந்தின் எச்சம் நம் வீட்டுக் காபிக்கும் வருகிறது. ஊசி போடுகிறவர் பல இடங்களில் மருத்துவராக இருப்பதுமில்லை. அரைகுறை அளவில், இரண்டே நாளில் நிறுத்தப்படும் ஊசி, மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்க்கிறது. மனிதருக்குக் கடைசித் துணையாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க இந்தியா 2019இல் தடை விதித்ததே இந்த அச்சத்தால்தான். இந்தச் சூழலில் கற்றாழைப் பசை மடிநோய்களில் ஒரு பகுதியைத் தீர்த்தால்கூட, அது ஒரு மாட்டுக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல, ஊர் முழுக்கக் குடிக்கும் பாலுக்குச் செய்யும் உதவி.

தீர்க்கிறதா? பால்வள அமைப்புகள் சேர்த்த கள விவரங்கள் பெரும்பாலான மாடுகள் தேறியதாகச் சொல்கின்றன. அந்த விவரங்களை நான் மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலும் அவற்றில் பசை பூசாத மாடுகளோடு ஒப்பீடு இல்லை. ஈகோலி போன்ற கிருமியால் வரும் லேசான மடிநோய் பல நேரம் தானாகவே ஆறும். மேலைநாட்டுப் பண்ணைகளில் கிருமி எதுவென்று பார்த்தபிறகே ஆன்டிபயாட்டிக் தரும் வழக்கம் பரவி வருவதும் இதனால்தான். இன்னொன்று, இந்தச் சிகிச்சையில் பசையோடு வேறு சில காரியங்களும் நடக்கின்றன. கெட்ட பாலை ஒட்டக் கறந்து எடுக்கிறார்கள். மடியைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். ஐந்து நாளும் மாட்டைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறார்கள். குணம் தந்தது கற்றாழையா, கறந்ததா, கழுவியதா? இன்னும் தொல்லையான கேள்வி: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மடித் திசுவுக்குள் பதுங்கிக்கொள்ளும். பால் வெள்ளையாகத் திரும்பிவிடும், வீக்கம் போய்விடும், கிருமி உள்ளே இருக்கும். வெளியே தெரியாத மடிநோயாக அது மாதக்கணக்கில் பால் அளவைக் குறைத்துக்கொண்டே போகும், பக்கத்து மாட்டுக்கும் கறப்பவர் கை வழியாகப் பரவும். கண்ணால் பார்த்துக் கற்ற மரபுக்கு இது தெரிய வழியில்லை. ஆகவே விரைவாகக் கற்ற துறையிலும் கண்ணுக்கு எட்டாத ஓர் எல்லை உண்டு. அங்கே சோதனை தேவை.

சோதனை என்றதும் கோடிகள் செலவாகும் என்ற பேச்சு வரும். மடிநோய்க்கு அது உண்மையல்ல. பால் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொரு உறுப்பினரின் பாலையும் காலையும் மாலையும் அளந்து, கொழுப்பைச் சோதித்து, பதிவேட்டில் எழுதுகிறது. உலகில் வேறு எந்த மருத்துவ ஆய்வுக்கும் இவ்வளவு ஒழுங்கான அன்றாடப் பதிவு இலவசமாகக் கிடைப்பது அரிது. கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்ற எளிய முறை 1950களிலிருந்தே இருக்கிறது. தட்டின் நான்கு கிண்ணங்களில் நான்கு காம்பின் பாலையும் பீய்ச்சி, ஒரு திரவத்தைச் சேர்த்துச் சுழற்றினால், கெட்ட பால் கூழாகத் திரளும். லேசான மடிநோய் கண்ட மாடுகளில் பாதிக்குக் கறந்து கழுவுவதோடு பசையும், பாதிக்குக் கறந்து கழுவுவது மட்டும் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து, மூன்று மாதப் பால் பதிவையும் இந்தச் சோதனையையும் ஒப்பிட்டால் போதும். காய்ச்சல் கண்ட, தீனி எடுக்காத மாடுகளை இதில் சேர்க்கவே கூடாது. அவை நேராக மருத்துவரிடம் போக வேண்டியவை. ஒரு மாவட்டத்தின் சங்கங்கள் கூடினால் ஓராண்டில் விடை கிடைக்கும்.

இதற்கு மரபின் பக்கமிருந்து வரும் எதிர்ப்பையும் எதிர்கொள்ள வேண்டும். ஆயிரம் ஆண்டு நிலைத்த அறிவை ஒரு தட்டும் ஒரு திரவமும் தீர்மானிப்பதா என்பார்கள். நிலைத்தது என்பதாலேயே சரியாகிவிடாது. மாட்டுக்குச் சூடு போடுவதும் ஆயிரம் ஆண்டு நிலைத்ததுதான். தவிர, இன்று மரபு என்று சொல்லப்படுபவை எல்லாம் பழையவையும் அல்ல. தோல் கழலை நோய் இந்தியாவில் முதன்முதலாக உறுதியானது 2019இல். 2022இல் வடமேற்கு மாநிலங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றபோது வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் சேர்த்த உருண்டை நாடெங்கும் பரிந்துரைக்கப்பட்டது. பழைய சரக்குகளைக் கொண்டு புதிதாகக் கட்டிய மருந்து அது. முன்பு இங்கே இல்லாத நோய்க்கு முன்னோர் சோதித்த மருந்து இருக்க முடியாது. அதன் மதிப்பு இன்றைய சோதனையில்தான் நிற்கவோ விழவோ வேண்டும். மாடுகளும் மாறிவிட்டன. புறம்போக்கிலும் மலையிலும் மேய்ந்த நாட்டுமாட்டில் கற்ற அளவு, கட்டுத்தரையில் நின்று கலப்புத்தீவனம் தின்று இருபது லிட்டர் கறக்கும் பசுவுக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்காமல் இருப்பது அந்த முன்னோரின் கவனத்துக்குச் செய்யும் அவமரியாதை.

மருத்துவர்கள் பக்கமிருந்து வரும் கவலை வேறு: கைமருந்தை நம்பி நேரத்தைக் கழித்துவிட்டு, கைமீறியபின் ஓடிவருகிறார்கள் என்பது. இது உண்மையான கவலை. இதற்கு விடை கைமருந்தைத் தடைசெய்வதல்ல, ஒவ்வொரு கைமருந்துக்கும் ஒரு கெடு வைப்பது. எண்ணெய் புகட்டி ஒரு மணி நேரத்தில் பள்ளை தணியாவிட்டால், அல்லது மாடு வாயைத் திறந்து மூச்சுவிட்டால், உடனே மருத்துவர். குழலூசி குத்தி வாயுவை வெளியேற்ற வேண்டியிருக்கும். மடிநோயில் காய்ச்சல் கண்டாலோ, மடி நீலம் பாய்ந்து குளிர்ந்தாலோ ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. திடீரென இறந்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்தால் எந்த மருந்தையும் யோசிக்காமல், பிணத்தை அறுக்காமல், கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். அது அடைப்பானாக இருக்கலாம், மனிதரையும் கொல்லும். இன்று அச்சாகும் மூலிகைக் கையேடுகளில் பொருளும் அளவும் விரிவாக இருக்கின்றன. எப்போது நிறுத்த வேண்டும் என்பது பெரும்பாலும் இல்லை. பாதி மருந்தைத்தான் அச்சடிக்கிறோம்.

செடிகளிலிருந்து சத்தைப் பிரித்து மாத்திரையாக்கிவிட்டால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லையே என்று கேட்பவர்களும் உண்டு. சிலவற்றில் அது நடக்கட்டும். ஆனால் கலவையில் சில நேரம் காரணம் இருக்கும். மிளகிலுள்ள பைப்பரின் குர்குமினை உடல் ஏற்பதைப் பலமடங்கு கூட்டுகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் மனிதரில் காட்டினார்கள். நான்கு அறை வயிறுள்ள மாட்டிலும் அப்படித்தான் நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மஞ்சளோடு மிளகு சேர்ந்து வருவதை அர்த்தமற்றது என்று தள்ளவும் முடியாது. அதைவிட முக்கியம், கொட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் கைமருந்தின் வலு. கால்நடை மருந்தகம் பல ஊர்களுக்கு ஒன்றாக இருக்கும் இடத்தில், இரவு பத்து மணிக்கு வீங்கிய பள்ளைக்கு உதவுவது சமையலறை எண்ணெய்தான். புட்டியில் அடைத்து விலைவைத்தால் அந்த வலு போய்விடும். 1995இல் மஞ்சளின் புண்ணாற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுக்கப்பட்டு, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் வழக்காடி 1997இல் அதை நீக்கியதும் நினைவில் இருக்கட்டும். ஊரார் அறிவைச் சோதிக்கிறோம் என்று போய், அதை யாரோ ஒருவரின் சொத்தாக்கி வருவதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

செம்மறி ஆட்டுக்காரர்கள் இமையை விரித்துப் பார்த்து ரத்தசோகையைக் கண்டுகொள்வார்கள். ரத்தம் குடிக்கும் குடற்புழுவை இப்படி இமையின் நிறத்தால் கணிப்பதையே தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் ஒரு வண்ண அட்டையாக்கி, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறையாக வளர்த்தார்கள்; எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றிப் புழுக்களை மருந்துக்குப் பழக்கும் தவறு அதனால் குறைந்தது. மேய்ப்பரின் கண்ணும் ஆய்வுக்கூடத்தின் அளவும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது சான்று. நம் ஊரில் கருவேல நெற்றுப் போன்ற துவர்ப்புத் தீனிகள் புழுவைக் குறைக்கின்றனவா என்பதையும் அந்த அட்டையோடும் சாணத்தில் முட்டை எண்ணும் சோதனையோடும் பார்த்துவிடலாம். துவர்ப்புப் பொருட்கள் ஆடுகளின் குடற்புழுவைக் கட்டுப்படுத்துவதற்கு உலகின் பல பகுதிகளில் ஆய்வு ஆதாரம் இருக்கிறது. சோதிப்பதற்குச் செடியும் இருக்க வேண்டும், மேய்ச்சல் நிலமும் இருக்க வேண்டும். புறம்போக்கு எல்லாம் மனையாகவும் குவாரியாகவும் மாறிய ஊரில் குப்பைமேனியையும் பிரண்டையையும் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கற்றாழையைத் தொட்டியில் வளர்க்கலாம், காட்டுக்கொடியை முடியாது. கால்நடைத் துறை கைமருந்துக் கையேட்டை அச்சிடும் அதே ஆண்டில் வருவாய்த் துறை மேய்ச்சல் புறம்போக்கை வேறு வகைக்கு மாற்றிக் கொடுப்பது நின்றால்தான், அந்தக் கையேட்டின் பக்கங்களில் இருக்கும் செடிகள் ஊரிலும் இருக்கும்.